கூறையை மேலே வைத்த கைப்பை

கொழும்புப் பயணத்தைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் வற்புறுத்தியபோது ஒரு நிபந்தனையோடுதான் இசைந்தேன். என் கண் கண்டதையும், என் எதிரில் இருந்தவர் என்னிடமே சொன்னதையும் எழுதுவேன்; மூன்றாமவர் வாய்வழி வந்ததை, அது எத்துணைச் சுவையாக இருப்பினும், எழுதேன். போர் நடக்கும் நாட்டில் ஒரு செய்தி மாடிப்படி ஏறுவதற்குள் வேறு செய்தியாகிவிடுகிறது. நான் தங்கியிருந்த கட்டடத்தில் ஒரு முற்பகல் கேட்ட ஓசைக்குக் கீழ்த்தளத்தார் ஒரு காரணம் சொன்னார்கள், மேல்தளத்தார் வேறொன்று சொன்னார்கள். எதிர்வீட்டார் அப்படி ஓர் ஓசையே எழவில்லை என்றார்கள். ஆராயாமல் எழுதும் ஒரு வரியால் எனக்கு வருவது இழுக்கு மட்டுமே. அங்கிருப்பவர்களுக்கு அது வேறு விதமாக முடியக்கூடும். ஆகவே ஆள்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

ஒரு திங்களுக்கு மேல் நீளும் பயணத்துக்குத் தோளில் தொங்கும் ஒரே பையோடு போவது என்பது என் சொந்த முடிவு. ஓர் இலக்கிய மன்றத்தின் சொற்பொழிவுத் தொடர், அதன்பின் கதிர்காமம், மலையகம் என்பது திட்டம். தமிழாசிரியனாக ஊர் ஊராக மாற்றலாகிப் பெட்டி சுமந்து சலித்தவன் நான். நனைத்து உலர்த்தத் தெரிந்தவனுக்கு இரண்டு வேட்டி போதும். ஒன்று இடுப்பில், ஒன்று கொடியில். இக்கொள்கைப்படி மாற்று வேட்டி, மாற்றுச் சட்டை, துண்டு, திருநீற்றுப் பை, மாற்றுக் கண்ணாடி ஆகியவற்றை அடுக்கிய பின்னும் பையில் பாதி இடம் எஞ்சியது. அதைத் தெருவில் நான்கு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அங்கேதான் குழப்பம் தொடங்கியது.

திருச்சியில் எங்கள் தெருக்கோடியில் குடியிருப்பவர் திலகவதி அம்மையார். யாழ்ப்பாணத்திலிருந்து போருக்குத் தப்பிப் படகில் வந்தவர். அவருடைய மகன் ரவி பாரிசில் இருக்கிறார். ரவிக்குப் பேசி முடித்த பெண் தாரணி, கொழும்பு வெள்ளவத்தையில் தன் சின்னம்மா வீட்டில் இருந்தாள். அவள் பாரிசு போய்ச் சேர்ந்ததும் அங்கே திருமணம். அம்மையார் மஞ்சள் துணியில் சுற்றிய பொதி ஒன்றை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ஐயா, பையில இடம் கிடக்கெண்டு சொன்னவை. இது என்ர மருமகளுக்குக் கூறை. அங்க குடுத்தா அவை பாத்துக் கொண்டு போவினம்."

யாழ்ப்பாணத்தார் மணத்தில் கூறை என்பது மணமகன் வீட்டார் எடுக்கும் பட்டுச்சேலை. தாம்பாளத்தில் வைத்துச் சபையோர் தொட்டு வாழ்த்திய பின் மணமகன் தன் கையால் மணவறையில் அதைக் கொடுப்பான். பெண் உள்ளே சென்று அதை உடுத்தி வந்த பிறகே தாலி. அம்மையார் எடுத்திருந்தது அரக்குச் சிவப்பில் அகன்ற பொற்கரையிட்ட கனத்த பட்டு. பையின் அடியில் வைக்கப்போன என்னைத் தடுத்தார்.

"கீழ வைக்காதேங்கோ ஐயா. உடுத்த துணிக்குக் கீழ கூறை கிடக்கப்படாது. எல்லாத்துக்கும் மேல வையுங்கோ. பிள்ளை போய்ச் சேந்தாள் எண்டு கேட்டால்தான் எனக்கு நித்திரை."

மேலே வைத்தேன். "அவை" யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் பையைத் திறந்த சுங்க அலுவலர் இளைஞர். தட்டுத் தடுமாறித் தமிழ் பேசினார். எத்தனை நாள் தங்குவேன் என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றேன். சாமான் எங்கே என்றார். இதுவே என்றேன். பையின் வாயை மூடிய பல்வரிசைப் பட்டியை இழுத்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது கூறைதான். சேலையைப் பார்த்தார், என் நரைத்த தலையைப் பார்த்தார், மீண்டும் சேலையைப் பார்த்தார்.

"நீங்க மாப்பிள்ளையா?"

அடுத்த மேசையில் இருந்தவர்களை அழைத்து அதைச் சிங்களத்திலும் சொல்லியிருக்க வேண்டும், எல்லாரும் சிரித்தார்கள். எழுபதை நெருங்கும் நான், அந்தச் சிரிப்பினூடே, ஒரு தடையுமின்றி இலங்கைக்குள் நுழைந்தேன்.

வெள்ளவத்தையில் காலி வீதி என்னும் பெருஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி ஒழுங்கைகள் எனப்படும் சந்துகள் பல இறங்குகின்றன. ஒவ்வொன்றும் புகைவண்டிப் பாதையில் போய் முட்டி நிற்கும். பாதைக்கு அப்பால் கடல். அப்படி ஓர் ஒழுங்கையில் இரண்டாம் மாடியில் சின்னம்மாவின் வீடு. அம்மையாரின் ஏற்பாட்டின்படி நான் தங்கியதும் அங்கேதான். அவர் ஓய்வுபெற்ற எழுத்தர், கணவரை இழந்தவர். தாரணியின் பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். போரினால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்ததால் அவர்கள் வருவதற்கில்லை. மாடிப்படி முழுதும் யாழ்ப்பாணத்துப் பேச்சு. கீழே கடைவாசலில் சிங்களம். கடைக்காரர் எனக்கு மட்டும் இரண்டையும் கலந்து பேசினார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. மிச்சச் சாமான் பிறகு வருதோ?" என்றார் சின்னம்மா.

"இல்லை அம்மா. நான் கொணர்ந்தது இஃது ஒன்றே. தங்களிடம் ஒப்படைக்க வேண்டிய பொருளும் இதனுள்ளேயே இருக்கிறது."

உள்ளறைக் கதவருகே நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "சின்னம்மா, ஐயா ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரியெல்லோ கதைக்கிறார்."

"பேசாம இரடி. படிச்ச மனிசர் அப்பிடித்தான் கதைப்பினம்."

அவள்தான் தாரணி, இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். தனியார் அலுவலகமொன்றில் தட்டச்சு வேலை பார்த்து, அண்மையில் விட்டவள். நான் பையைத் திறந்து கூறையை இரு கைகளிலும் ஏந்தி நீட்டினேன். சின்னம்மா இரண்டடி பின்வாங்கித் தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம் ஐயா! பொம்பிளை வீட்டார் கூறையை வாங்கிறதோ? மாப்பிள்ளை பகுதியெல்லோ கொண்டு வரவேணும். பிள்ளை தன்ர கூறையைத் தானே சுமந்துகொண்டு போனாள் எண்டால் நாளைக்கு என்ன சொல்லுவினம்?"

"தங்களிடம் கொடுத்தால் 'அவை' கொண்டு போவார்கள் என்றே அம்மையார் சொல்லி அனுப்பினார்."

"எவை?"

எனக்குத் தெரியவில்லை.  பிறகு கூறையை மீண்டும் பைக்குள், எல்லாவற்றுக்கும் மேலே, வைத்தேன்.

அன்றுமுதல் என் எளிய பயணக் கொள்கை சிக்கலாயிற்று. கீழே இருக்கும் வேட்டியை எடுக்கக் கூறையைத் தூக்க வேண்டும், தூக்கிய கூறையை வாங்கிக்கொள்ள அவ்வீட்டில் ஒருவரும் இல்லை, தரையில் வைக்கலாகாது. ஒரு கையில் பட்டை ஏந்தி மறு கையால் வேட்டியை உருவும் வித்தையைப் பழகினேன். துவைத்த வேட்டியோ உலரவில்லை. கடற்காற்று வீசியபடியே இருந்தது. வீசிய காற்றே உப்பும் ஈரமுமாக இருந்தது. எங்கள் ஊரில் முற்பகலில் விறைத்து நிற்கும் துணி இங்கே மறுநாளும் தோலில் ஒட்டியது. மூன்றாவது வேட்டியைப் பழித்ததை எண்ணி அந்தக் கொடியின் கீழே வெகுநேரம் நின்றேன்.

உணவில் குறையில்லை. காலையில் இடியப்பம், தேங்காய்ப்பாலில் கொதித்த மஞ்சள் சொதி, சிவக்க இடித்த தேங்காய்ச் சம்பல். "உங்களுக்கு மாசி போடாமல் புறம்பா இடிச்சனான்" என்று சின்னம்மா தினமும் சொல்லுவார். மாசி என்பது காய்ந்த மீன் என்று அறிந்தபின், தினமும் அவர் அதைச் சொல்லக் காத்திருந்து உண்டேன்.

என்னை மிகவும் குழப்பியவர்கள் அண்டை வீட்டார். வந்தவர்கள் எல்லாரும் முதலில் மூலையிலிருந்த என் பையைப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். கீழ்வீட்டு அம்மா ஒருவர் அருகில் வந்து அமர்ந்து, "எப்ப ஐயா வெளிக்கிடுறியள்? எந்த நாடு?" என்றார்.

"திருச்சிராப்பள்ளி."

"ஓமோம். அப்பிடித்தான் சொல்லவேணும்," என்று தலையசைத்தார். "குளிருக்குக் காற்சட்டை ரெண்டை ஒண்டுக்குமேல ஒண்டு போடுங்கோ. இந்த வயதில வேட்டியோட போய் இறங்கிப்போடாதேங்கோ."

அவர் போனபின் தாரணி விளக்கினாள். அக்கட்டடத்தில் நெடுநாள் தங்க வந்திருக்கும் ஒருவரிடம் சின்னப் பை மட்டுமே இருக்குமானால் அவர் வெளிநாடு போகக் காத்திருப்பவர் என்று பொருள். சுற்றுலாப் பயணிபோல் காட்டி அனுப்பிவைக்கும் ஏஜென்சிக்காரர் கைப்பைக்கு மேல் எதையும் அனுமதிப்பதில்லை. யாரும் யாரையும் எப்போது திரும்புவாய் என்று கேட்பதில்லை. "உங்களையும் அனுப்புற ஆள் ஆரெண்டு மேல்வீட்டில கேட்டவை," என்றாள். என் சிக்கனத்தைக் கண்டு அவர்கள் மதிக்கிறார்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் ஏஜென்சிக்காரரே வந்தார். மடிப்புக் கலையாத சட்டையும் தாழ்ந்த குரலுமாக, வங்கி மேலாளர் போலிருந்தார். தாரணி தன் பையைக் கொண்டுவந்து வைத்தாள். அளவில் என் பையேதான். அவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பட்டப்படிப்புச் சான்றிதழ்; பெற்றோரின் படம்; வறுத்திடித்த மிளகாய்த்தூள்; பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல்.

"பிள்ளை, நீர் அஞ்சு நாள் ஊர் சுத்திப் பாத்திட்டுத் திரும்பி வாற ஆள். திரும்பி வாற ஆளுக்குச் சேட்டிபிக்கேற் என்னத்துக்கு? தூள் என்னத்துக்கு? நீர் வாய் திறக்காட்டியும் பை கதைக்கும்."

"அம்மாவின்ர படமும் விடேலாதோ?"

"ரெண்டு பேரும் நிக்கிற படம் வேண்டாம். ஒண்டும் வேண்டாம்."

அவர் பார்வை மூலையிலிருந்த என் பைமேல் விழுந்தது. "இது ஆற்ற?" என்னுடையது, ஒரு மாதத்துக்குப் போதும் என்றேன். "இதெல்லோ பை! ஒரு மாசத்துக்கு இவ்வளவுதானோ ஐயா? பாரும் பிள்ளை, இப்பிடி அடுக்கப் பழகும்." மகிழ்ச்சியோடு குனிந்து திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார்.

"இது?"

"என்ர," என்றாள் தாரணி.

"இது உம்மட பையில இருந்தால் ஏயார்போட்டில ஒரு கேள்வி கேக்கமாட்டாங்கள். கூறையோட போறவள் திரும்பி வரமாட்டாள் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில நிண்டு அப்பிடியே திருப்பிப்போடுவாங்கள். ஏற்கனவே ரெண்டு முறை திரும்பின பிள்ளை. மூண்டாம் முறை திரும்பினால் என்னைக் கேளாதேங்கோ."

இரண்டு முறை அவள் விமான நிலையம்வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டதை அப்போதுதான் அறிந்தேன். இம்முறை தவறினால் வேறு வழியில்லை. இதில் நான் கொணர்ந்த பொதிக்குரிய இடம் எது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பெண்வீட்டார் தொடமாட்டார்கள், பெண்ணோ எடுத்துச் செல்லலாகாது, திருப்பிக் கொண்டுபோனால் மங்கலமன்று.

ரவியின் மணமான தமக்கை இந்திராணி கொட்டாஞ்சேனையில் இருந்தார். மாப்பிள்ளைப் பகுதியாரின் பொருள் மாப்பிள்ளைப் பகுதிக்கே போகட்டும் என்று சின்னம்மா முடிவு செய்தார். எனக்குச் சிங்களம் தெரியாது. தாரணி வழிகாட்டியாக வந்தாள். "நீ வீட்டுக்குள்ள போகாத. சந்தியில நில்," என்பது சின்னம்மாவின் கட்டளை.

கடலோரப் புகைவண்டியில் கோட்டை நிலையத்துக்குப் போனோம். கதவுகளில் தொங்கியவர்களின் சட்டைகளில் அலைத்துளி தெறித்தது. கோட்டையிலிருந்து நடந்து புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தை அடைந்தபோது கொட்டாஞ்சேனைப் பேருந்து ஏறத்தாழ நிறைந்திருந்தது, படியில் நெரிசல். சன்னலோரம் ஓர் இருக்கை காலியாக இருப்பது என் கண்ணில் பட்டது. எங்கள் ஊரில் இந்நிலையில் எவரும் செய்வதையே நானும் செய்தேன். சன்னல் வழியே பையை உள்ளே இட்டு இடம் பிடித்துவிட்டுப் படியை நோக்கி மெல்ல நடந்தேன். துண்டு கிடந்த இருக்கையில் நம்மூரில் யாரும் அமரமாட்டார்கள். பை என்றால் கேட்கவே வேண்டாம்.

பக்கத்து இருக்கைக்காரர் பையைப் பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்தார். ஏதோ கத்தினார். அடுத்த கணம் பேருந்து இருபுறமும் கவிழ்ந்ததுபோல் மக்களைக் கொட்டியது. முன்படி, பின்படி, சன்னல் என எல்லா வழியிலும் குதித்தார்கள், செருப்புகள் கழன்றன, ஒரு தாய் குழந்தையை வெளியே நின்றவர் கையில் எறிந்தே விட்டாள். என் கண் முன்னால் பேருந்து முழுதும் காலியாயிற்று. இத்தனை இடம் இருக்கும்போது எதற்காக ஓடுகிறார்கள் என்று நான் வியந்து நின்றேன்.

"ஐயா, பை எங்க?" தாரணியின் குரல் மாறியிருந்தது.

"உள்ளே. இடம் பிடித்திருக்கிறேன்."

அவள் முகத்தைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. அந்நகரில் ஆளில்லாத பைக்கு ஒரே பொருள்தான். துப்பாக்கிகளோடு வீரர்கள் ஓடிவந்தார்கள். தாரணி நினைத்திருந்தால் அக்கூட்டத்தில் கலந்து மறைந்திருக்கலாம். மறையவில்லை. கையை உயர்த்திச் சிங்களத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

பையை என்னையே எடுத்துவரச் சொல்லித் தரையில் வைத்துத் திறக்கப் பணித்தார்கள். எல்லாரும் விலகி நின்றார்கள். பல்வரிசை பாதியில் சிக்கியது. திறந்தபோது வெயிலில் முதலில் மின்னியது பொற்கரை. கூட்டத்தில் யாரோ நீளமாக மூச்சுவிட்டார்கள். அன்னாசி விற்பவர் ஏதோ சொல்ல, ஓடியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

பெண் காவலர் ஒருவர் குனிந்து கரையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார். கேட்டதையும் சொன்னதையும் பின்னர் தாரணி எனக்குத் தமிழில் சொன்னபடி தருகிறேன்.

"கல்யாணச் சேலையா?"

"ஆம்."

"மணப்பெண் யார்?"

அங்கே அவள் சற்று நிறுத்தியது மொழி அறியாத எனக்கும் தெரிந்தது. "நான்தான்."

"இந்தக் கிழவருக்கு அறிவில்லையா? கல்யாணச் சேலையையா பஸ்ஸில் எறிவது? என் தங்கைக்கும் இப்போதுதான் எடுத்தோம். அம்மா அதைப் படுக்கைமேல்கூட வைக்க விடவில்லை."

தாரணியின் அடையாள அட்டையையும் என் கடவுச்சீட்டையும் வாங்கிச் சற்று ஒதுங்கி நின்று பார்த்தார். பிறகு திருப்பித் தந்தார். எதையேனும் குறித்துக்கொண்டாரா என்பதை நான் காணவில்லை. எனக்கு முன்னே ஒரு வீரர் நின்றார்.

அடுத்த பேருந்தில் கொட்டாஞ்சேனை போனோம். இந்திராணியின் வீடு துறைமுகத்துக்கு அண்மையில், நெருங்கிய வீட்டு வரிசையொன்றில் இருந்தது. கூரைகளுக்கு மேலே பாரந்தூக்கிகளின் கழுத்துகள் தெரிந்தன. சந்தி வந்தது, தாரணி நிற்கவில்லை. என்னோடு உள்ளே வந்தாள்.

இந்திராணி உயரமான, விரைந்து பேசும் பெண்மணி. "ஆ, மச்சாளும் வந்திட்டா! கலியாணத்துக்கு முதலே வீடு பாக்க வந்தனியோ?" என்று சிரித்தவர், அவள் முகத்தைக் கண்டு நிறுத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். பிறகு கூறையை நீட்டினேன். அவர் கைகளைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். "தாங்கோ. எங்கட வீட்டுச் சாமான்." இத்தனை நாளாக யாரும் வாங்காத பொதி இவ்வளவு எளிதாகக் கைமாறியதை என்னால் நம்ப முடியவில்லை.

"பாரிசுக்குப் போற நல்ல ஆள் ஒண்டு வரட்டும், குடுத்துவிடுவன். நீ வெறுங்கையோட கெதியாப் போய்ச் சேர்."

"வெறுங்கையோடதான் போகவேணும் மச்சாள்," என்றாள் தாரணி. "அம்மாவின்ர படம் இல்லை. படிச்ச பேப்பர் இல்லை. அவரை நான் போனில கேட்டதுதான், கண்டதில்லை. இடையில எங்கயாவது பிடிச்சு வச்சுக்கொண்டு நீ ஆர், ஆரிட்டப் போறாய் எண்டு கேட்டால் எனக்கே நம்பிக்கை வாறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை."

இந்திராணி சுவரிலிருந்த நாட்காட்டியில் இராகுகாலம் பார்த்தார். தையற்பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பாயை விரித்துக் கூறையைப் பிரித்து, முந்தானைக்கு மறு நுனியில் ரவிக்கைச் சட்டைக்கென்று சேர்த்து நெய்திருந்த துணியைத் தேடிப்பிடித்தார்.

"கூறையைத்தானே தரப்படாது? சட்டைத் துணியைத் தைக்கிறதுக்கு முன்கூட்டியே பொம்பிளை வீட்டுக்குக் குடுத்துவிடுறதெல்லோ வழக்கம். மாப்பிள்ளையின்ர அக்கா குடுக்கிறன். பிடி."

பட்டின் குறுக்கே கத்தரி போகும் ஓசை கேட்டது. தாரணி இரு கைகளையும் நீட்டி வாங்கினாள். அங்கே வாய்விட்டு அழுதாள். இது முன்னரே உள்ள வழக்கமா, அப்போது அவர் வகுத்துக்கொண்டதா என்று எனக்கு விளங்கவில்லை. பின்னர் வெள்ளவத்தையில் மூவரை வினவினேன். ஒருவர் உண்டு என்றார்; ஒருவர் சட்டை பெண்வீட்டார் பொறுப்பே என்றார்; மூன்றாமவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏன் ஐயா உந்தக் கவலை?" என்றார்.

வெள்ளவத்தை திரும்பும்போது நாங்கள் ஏறியது அங்கே நில்லாத விரைவு வண்டி. வீடும் ஒழுங்கையும் கண் முன்னே ஓடி மறைய, அடுத்த நிலையமான தெஹிவளையில்தான் இறங்கினோம். கடலோரமாகத் திரும்பி நடந்தோம். "ஐயா, ஒரு மாசத்துக்கு ஒரு பையை எப்பிடி அடுக்கிறியள்?" என்று கேட்டாள். விட்டுவர மனமில்லாததை முதலில் வெளியே வைத்துவிட்டால் மற்றவை தாமே அடங்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு துணியைச் சுருட்டி வைத்தால் இடம் மிகும் என்பதை மட்டும் சொன்னேன்.

பேருந்து நிலையத்தில் நடந்ததை அவளே ஏஜென்சிக்காரரிடம் தெரிவித்தாள். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "பேர் எழுதினவையோ?" என்று மட்டும் கேட்டார். நான் காணவில்லை என்றேன். "அப்ப பிந்தப்படாது," என்று எழுந்தார். அடுத்த வாரத்துப் பயணம் மறுநாளுக்கு மறுநாள் ஆயிற்று.

தையற்காரரிடம் துணியைக் கொடுத்து அவசரப்படுத்திச் சட்டையை வாங்கி வந்தார்கள். தாரணி பையை அடுக்கும்போது நான் உடனிருந்தேன். இரண்டு சுடிதார், ஒரு துவாலை, முகப்பவுடர், கடற்கரைக்கான செருப்பு. இதுவரை கடலில் கால் நனைத்ததுகூட இல்லையாம். ஊர் சுற்றிப் பார்க்கும் பெண்ணுக்கு அச்செருப்பு வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் வாங்கித் தந்தது. சட்டையைத் துணிகளின் நடுவே செருகினாள். மேலே வைக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"இப்ப இது வெறும் சட்டைதானே ஐயா. தாலி கட்டினாப் பிறகுதான் கூறைச் சட்டை," என்றாள்.

அவள் புறப்பட்டது பட்டப்பகலில், சந்தைக்குப் போகிறவளைப் போல. வாசலில் யாரும் நிற்கலாகாது என்று சொல்லியிருந்தார்கள். சின்னம்மா சமையலறையில் முதுகைக் காட்டி அமர்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"சின்னம்மா, போட்டு வாறன்."

"ஓம். வரேக்க கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு வா," என்றார் சின்னம்மா. துருவுவதை நிறுத்தவில்லை. சிரட்டை மட்டும் எஞ்சிய பிறகும் துருவிக்கொண்டிருந்தார்.

அதன்பின் நான் சொற்பொழிவுகளை முடித்தேன். கதிர்காமத்தையும் மலையகத்தையும் கண்டேன். பையில் பாதி இடம் காலியாகவே இருந்தது; அதில் எதையும் வைக்கத் தோன்றவில்லை. வாரங்கள் கழித்து வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது மாடிப்படியில் மூன்று செய்திகள் காத்திருந்தன. சொன்னவர்களில் எவரும் அவளிடம் நேரில் பேசியவரல்லர். ஆகவே அவற்றை இங்கே எழுதவில்லை. சின்னம்மாவுக்கு அழைப்பு வரவில்லை. ஏஜென்சிக்காரரின் தொலைபேசியில் வேறு யாரோ பேசினார்கள்.

திருச்சியில் இறங்கியதும் நேரே திலகவதி அம்மையாரிடம் போனேன். பாரிசிலிருந்து ரவியும் தாரணி எங்கே என்றே கேட்கிறார் என்றார். நான் கண்டவற்றை முறையாகச் சொன்னேன்: கூறை கொட்டாஞ்சேனையில் மகளிடம் இருக்கிறது, பெண் நன்றாக இருந்தாள், மகள் கொடுத்த சட்டைத் துணியை இரு கைகளாலும் வாங்கினாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்.

பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டாளா? சட்டை அவளுக்கு அளவாக இருந்ததா?

தைத்து வந்த சட்டையை அவள் போட்டுப் பார்த்ததை நான் காணவில்லை. பெண் காவலர் அவள் பெயரைக் குறித்தாரா என்பது தெரியாது. விமானம் ஏறினாளா என்பது தெரியாது. ஏறியிருப்பின் எங்கே இறங்கினாள் என்பதும் தெரியாது. அம்மையாரிடம் அவ்வாறே சொன்னேன். இதை எழுதும் இன்றுவரை வேறொன்றும் எனக்குத் தெரியாது.